நோன்புக்கு மூன்று வாரம் முன்பே கூடுவோம்: மலையோரச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: குமரி மாவட்ட மலையோரத்தில் பத்துகாணி, ஆறுகாணி, களியல், கடையாலுமூடு, அருமனை வட்டாரத்திலும், எல்லைக்கு அப்புறம் கேரளத்தில் வெள்ளறடை, பாறசாலைப் பகுதியிலும் உள்ள பங்குத்தந்தையர், போதகர்கள், பங்குப்பேரவையினர், சபைக் கமிட்டியார், அன்பியங்கள் எனும் பங்கின் சிறு குடும்பக் குழுக்களின் பொறுப்பாளர்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள்.

மதிப்பிற்குரிய அருட்தந்தையர்களே, போதகர் ஐயாமார்களே, சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் தோத்திரம்.

2027-இல் பெரிய நோன்பு சீக்கிரமே வருகிறது. ஈஸ்டர் மார்ச் 28. லத்தீன் கத்தோலிக்கப் பங்குகளில் பிப்ரவரி 10, புதன்கிழமை, நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலத்தைத் தொடங்குவோம். சுறியானி மரபுக் கத்தோலிக்கரான மலங்கரை, சீரோ மலபார் சபைகளின் பள்ளிகளிலும் (அவர்கள் ஆலயத்தைப் பள்ளி என்பார்கள்) அதற்கு இரண்டு நாள் முன்பே, பிப்ரவரி 8 திங்கள்கிழமை, ஐம்பது நோம்பு என்ற பெரிய நோன்பு தொடங்கிவிடும். தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. சபையாருக்குப் புதன்கிழமை முதல் லெந்து நாட்கள். பெந்தெகொஸ்தே சபையார் இந்த நாட்கணக்கைப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு உபவாச ஜெபம் வருஷம் முழுவதும் உண்டு. ஒரே சந்திப்பைச் சுற்றி, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், இத்தனை சபைகள் நம் ஊர்களில் இருக்கின்றன.

நான் மறைக்கல்வி ஆசிரியை. பிறந்தது லத்தீன் பங்கில், வாழ்க்கைப்பட்டது மலங்கரைக் குடும்பத்தில். என் மதினி சி.எஸ்.ஐ. மாமியார் திங்கட்கிழமையே மீனை நிறுத்திவிடுவார். அம்மா வீட்டில் செவ்வாய்க்கிழமை ராத்திரி வரை மீன்குழம்பு உண்டு. மலையோரத்தில் இது பலருடைய வீட்டுக் கதைதான். ஆகவே நாட்கணக்கை ஒன்றாக்குங்கள் என்று கேட்க நான் இதை எழுதவில்லை. அவரவர் சபையின் வழி அவரவருக்கு இருக்கட்டும். நான் கேட்பது இது: நோன்பு தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே எல்லாச் சபைகளும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து, அந்த நாட்களில் நம் ஊரில் எந்தெந்த வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம் என்று பார்த்து, அந்த வீடுகளை மனதில் வைத்து நோன்புக்குத் தயாராக வேண்டும்.

மூன்று வாரம் என்பது நானாகச் சொல்லும் கணக்கு இல்லை. சுறியானி மரபுச் சபைகளில் பெரிய நோன்புக்கு மூன்று வாரம் முன்னால் 'மூன்று நோம்பு' வருகிறது. யோனாவின் சொல்லைக் கேட்டு நினிவே ஊரார் அரசன் முதல் ஆடுமாடு வரை பட்டினி கிடந்ததை நினைத்து இருக்கும் நோன்பு அது. 2027-இல் ஜனவரி 18 முதல் 20 வரை. லத்தீன் சபையிலும் முன்காலத்தில் சாம்பல் புதனுக்கு முந்திய மூன்று ஞாயிறுகளை ஆயத்த ஞாயிறுகளாக வைத்திருந்தார்கள். அந்த ஞாயிறுகளிலேயே குருவின் உடை ஊதா நிறத்துக்கு மாறிவிடும், அல்லேலூயா நின்றுவிடும். 1969-இல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது அது எடுக்கப்பட்டது. திருத்தத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆயத்த வாரங்கள் போனபின், செவ்வாய்க்கிழமை வரை கல்யாணப் பந்தியில் இருந்துவிட்டு புதன்கிழமை காலையில் நேரே சாம்பலுக்கு வந்து நிற்கிறோம். என்ன செய்யப் போகிறோம் என்ற யோசனையே இல்லாமல் முதல் இரண்டு வாரம் கழிந்துவிடுகிறது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். நம் மலையோரத்தின் உயிர் ரப்பர். தை, மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும்; அப்புறம் செம்பு நிறத்தில் தளிர் விடும். இலை இல்லாத மரத்தில் பால் சரியாக இறங்காது. தளிர் முற்றும்வரை மரத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று பெரும்பாலான தோட்டங்களில் வெட்டை, அதாவது பாலுக்காகப் பட்டையைக் கீறுவதை, நிறுத்திவிடுவார்கள். பால் பிடிக்கும் சிரட்டைகளை அந்தந்த மரத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வெட்டுக்காரர் வீட்டுக்குப் போவார். அடுத்த வெட்டு எப்போது என்பது மழையும் முதலாளியும் தீர்மானிக்கும் விஷயம்.

நாம் நோன்பு இருக்கும் நாட்களும் இந்த வெட்டு நிற்கும் நாட்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. வரும் வருஷம் நோன்பு சீக்கிரம் வருவதால் இன்னும் கச்சிதமாகப் பொருந்தும். ஆலயத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நான் இந்த நாற்பது நாளும் ஒரு நேரம் சாப்பாட்டைத் தியாகம் செய்கிறேன் என்று ஒருவர் முடிவெடுக்கிறார். அதே பெஞ்சில், அவருக்குப் பக்கத்தில், கூலி நின்றுபோனதால் ஒரு நேரம் சாப்பாடு ஏற்கெனவே குறைந்துபோன ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இருவருக்கும் ஒரே பிரசங்கம், ஒரே காணிக்கைக் கவர். இது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு வெட்டுக்காரர் வீட்டை நீங்கள் மாசி மாதத்தில் போய்ப் பார்க்க வேண்டும். விடியுமுன் தலையில் கட்டிக்கொண்டு போகும் விளக்கு ஆணியில் தொங்கும். வெட்டுக்கத்தியை எண்ணெய்த் துணியில் சுற்றி இறவாரத்தில் செருகி வைத்திருப்பார்கள். வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியதைச் சேர்த்து வைத்த ஒட்டுப்பால் ஒரு சாக்கில் மூலையில் இருக்கும். விலை கொஞ்சம் ஏறட்டும் என்று பார்த்திருந்து, முடியாமல் ஒருநாள் கிடைத்த விலைக்குப் போட்டுவிடுவார்கள். பலசரக்குக் கடையில் பற்று எழுதும் நோட்டில் அந்த வீட்டுப் பக்கம் மட்டும் இந்த மாதங்களில் வேகமாக நிரம்பும். முதலில் அரிசி, எண்ணெய், மண்ணெண்ணெய் என்று எழுதியிருக்கும்; போகப்போக அரிசி மட்டும். அந்த வீட்டு அம்மா சமையலறையில் மரச்சீனிக் கிழங்கை அவித்து வைத்துவிட்டு, பிள்ளைகள் தின்றபிறகு மீதி இருந்தால் பார்ப்போம் என்று திண்ணையில் வந்து உட்காருவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதைக்கு முதல் ஆளாக வருபவரும் அவர்தான்.

அந்த அம்மாவிடம் போய் இன்னும் கொஞ்சம் ஒறுத்தல் செய்யுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளியும் சனியும் லத்தீன் திருப்பலியில் வாசிப்பது எசாயா 58-ஆம் அதிகாரம். எல்லாச் சபையாருக்கும் தெரிந்த அதிகாரம்தான். நோன்பு நாளிலும் உங்கள் ஆதாயத்தையே பார்க்கிறீர்கள், உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள் என்று தீர்க்கதரிசி அங்கே நோன்பாளிகளைப் பார்த்துத்தான் சொல்கிறார். கடவுளை மறந்தவர்களைப் பார்த்து இல்லை. பசித்தவனோடு உணவைப் பகிர்வதே ஆண்டவர் கேட்கும் நோன்பு என்கிறார். வேலையாட்கள் என்ற அந்தச் சொல்லை நம் பிரசங்கங்களில் அநேகமாக யாரும் தொடுவதில்லை. தோட்டக்காரரும் வெட்டுக்காரரும் ஒரே ஆலயத்தில் இருக்கும் நம் ஊரில் அதைத் தொடாமல் கடந்துபோவது சரியில்லை.

ஆகவே முதல் வேண்டுகோள் தோட்டம் வைத்திருக்கும் நம் சபைக் குடும்பங்களுக்கு. போதகர்களும் அச்சன்மாரும் (பங்குத்தந்தையரும்) இதைப் பிரசங்கத்தில் சொன்னால் அவர்கள் கேட்பார்கள் என்று நம்புகிறேன். வெட்டு நிற்கும் வாரங்களில் வெட்டுக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். புதிதாக முன்பணம் கேட்டால் வட்டி இல்லாமல் கொடுங்கள். தோட்டத்தில் காடு வெட்டுவது, குழி எடுப்பது, கையாலை சரிசெய்வது என்று எப்படியும் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. அவற்றை வெளியாளுக்குக் கொடுக்காமல் உங்கள் வெட்டுக்காரர் குடும்பத்துக்கே கொடுங்கள், இந்த வாரங்களிலேயே கொடுங்கள். சின்னத் தோட்டக்காரருக்கும் இந்த மாதங்களில் வருமானம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஐம்பது மரம் வைத்திருப்பவரிடம் நான் கேட்கவில்லை. முடிந்தவர்கள் யார் என்று அவரவர் பங்கில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது, பிடியரிசி. இதை விளக்கத் தேவையில்லை. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே டப்பாவில் போடும் பழக்கம் சி.எஸ்.ஐ. சபைப் பெண்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. கேரளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் சாவறை குரியாக்கோஸ் எலியாஸ் அச்சன் ஆலயம் தோறும் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னபோது, ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்கு இந்தப் பிடியரிசியைத்தான் வீடுவீடாகக் கேட்டார். 2014-இல் அவரைப் புனிதராக அறிவித்தபோது நம் ஊரிலிருந்தும் எத்தனை பேர் சந்தோஷப்பட்டோம்! அவர் செய்ததை இந்த நோன்பில் நாம் செய்யலாம். ஒவ்வொரு சபையும் தனித்தனியாக அரிசி சேர்த்துத் தன் சபை ஏழைக்கு மட்டும் கொடுப்பதைவிட, எல்லாம் ஒரே இடத்தில் சேரட்டும். பங்கிடும்போது எந்தச் சபை, எந்தச் சாதி, ஆலயத்துக்கு வரியை ஒழுங்காகக் கட்டினாரா என்று பார்க்க வேண்டாம். கிறிஸ்தவர் அல்லாத வீடுகளையும் விட வேண்டாம். வெட்டு நின்றால் எல்லா வெட்டுக்காரர் வீட்டிலும் ஒரே நிலைமைதான்.

கொடுக்கும் விதமும் முக்கியம். வரிசையில் நிறுத்தி, பேனர் கட்டி, போட்டோ எடுத்துக் கொடுப்பதானால் தயவுசெய்து கொடுக்கவே வேண்டாம். சாம்பல் புதன் நற்செய்தியே வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பதுதான். அன்பியப் பொறுப்பாளரும் ஐக்கிய சங்கத்துச் சகோதரியும் இரண்டு பேராக, பொழுது சாய்ந்தபின், பக்கத்து வீட்டுக்குப் போவது போலப் போய் வைத்துவிட்டு வரலாம். கடைப் பற்றைத் தீர்ப்பது இன்னும் நல்லது. கடைக்காரரிடம் பேசி, வீட்டுக்காரருக்கே தெரியாமல் ஒரு தொகையைக் கழித்துவிடலாம்.

அடுத்தது சமாதானம். இதற்கு மலங்கரைச் சபையின் வழிபாட்டிலேயே வழி இருக்கிறது. ஐம்பது நோம்பு தொடங்கும் திங்கட்கிழமை அங்கே 'சுப்கோனோ' என்ற ஒப்புரவுச் சடங்கு நடக்கும். லத்தீன் பங்கிலிருந்து வந்த எனக்கு அதை முதன்முதலாகப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. அச்சனே முதலில் மக்களிடம் மன்னிப்புக் கேட்பார். பிறகு ஒருவர் மற்றவர் முன் தலை குனிந்து, கையைப் பற்றி, எனக்கு மன்னியுங்கள் என்று கேட்க வேண்டும். மாமியார் மருமகளிடம், அண்ணன் தம்பியிடம், வாத்தியார் மாணவனிடம். வயதுக்கும் மரியாதைக்கும் அங்கே விலக்கு இல்லை. கடவுளிடம் மன்னிப்புக் கேட்டு நோன்பு இருப்பதற்கு முன் மனிதரிடம் கேட்டுவிட வேண்டும் என்பது அந்தச் சபையின் முறை.

நம் ஊர்களில் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் எத்தனை! வேலி ஒரு முழம் தள்ளிப் போனது, வழிப்பாதைத் தகராறு, அப்பா எழுதி வைத்த சொத்தில் ஒரு சென்ட் கூடக் குறைய, கல்யாணத்துக்கு அழைத்த விதம், சபைத் தேர்தலில் நின்றது. சில வழக்குகள் கோர்ட்டில் பிள்ளைகள் காலம் வரை நீண்டுவிட்டன. நோன்பிருந்துகொண்டே வழக்கடிக்கிறீர்கள், கையை முறுக்கிக் குத்துகிறீர்கள் என்று அதே எசாயா அதிகாரம் சொல்வது இதைத்தான். பள்ளிக்குள் சுப்கோனோவில் பக்கத்தில் நிற்பவரிடம் மன்னிப்புக் கேட்பது எளிது. நாம் பேசாதிருப்பவர் அநேகமாக வேறு சபையில் இருப்பார். ஆகவே அந்த மூன்று ஆயத்த வாரங்களில் ஒவ்வொருவரும் வேறு சபையில் இருக்கும் ஒரு வீட்டுக்காவது ஏறிப் போகட்டும். போதகரும் அச்சனும் சேர்ந்தே அப்படி ஒரு வீட்டுக்குப் போனால், இரண்டு பக்கத்தாரும் கதவைத் திறப்பார்கள். பெரிய தகராறுகள் ஒரு சாயங்காலத்தில் தீராது. தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னாலே ஒரு தொடக்கம்.

உடம்பைப் பற்றியும் நோன்புக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். லத்தீன் சபைச் சட்டப்படி ஒருவேளை உணவு என்ற நோன்பு கட்டாயமான நாட்கள் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. அதுவும் 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது நிறையும்வரை உள்ளவர்களுக்கு. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கட்டாயம் இல்லை. ஆனால் நம் ஊரில் நோன்பை விடாப்பிடியாகப் பிடிப்பவர்கள் எழுபது வயதுப் பாட்டிமார்தான். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு, இன்சுலின் போட்டுவிட்டு, சாப்பிடாமல் சிலுவைப்பாதைக்கு நின்றால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்திவிட்டு நோன்பிருப்பதும் ஆபத்துதான். டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள ஆயத்த வாரங்கள் போதும். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களுக்கும் மத்தியானம் கஞ்சி வேண்டும். இதையெல்லாம் பீடத்திலிருந்து அச்சன் ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும். வீட்டில் மகளோ மருமகளோ நூறு முறை சொன்னாலும் பாட்டிமார் கேட்கமாட்டார்கள்.

மைக் செட்டைப் பற்றி ஒரு வரி. மார்ச் மாதம் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் பொதுத் தேர்வு. எல்லைக்கு அப்புறம் எஸ்.எஸ்.எல்.சி. அதே மாதம்தான் தியானம், கன்வென்ஷன், உபவாச ஜெபம் எல்லாம். குழாய் ஒலிபெருக்கி தேர்வு முடியும்வரை வேண்டாம். உள்ளே பாக்ஸ் போதும்.

நோன்பு நாட்களில் நம்மில் பலர் தெக்கன் குரிசுமலை ஏறுகிறோம். வெள்ளறடைப் பக்கம் இருந்தும் பத்துகாணிப் பக்கம் இருந்தும் மக்கள் வருகிறார்கள். 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை பிரிந்த பிறகும் நம் குடும்பங்கள் அந்த மலையில் பிரியவில்லை. மலையாளத்தில் ஒரு குழு, தமிழில் ஒரு குழு என்று சிலுவைப்பாதை பாடிக்கொண்டு ஒரே பாதையில் ஏறும்போது கிடைக்கும் நிறைவை எழுத்தில் சொல்ல முடியாது. அந்த மலைக்கு நாம் செய்யக்கூடிய ஆயத்தம் ஒன்று உண்டு. மாசி, பங்குனியில் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும். ஒரு மெழுகுவர்த்தி சரிந்தால் போதும், சரிவு முழுக்கத் தீ. மெழுகுவர்த்தியைக் காற்றுப் படாத இடத்தில், ஆள் நிற்கும் இடத்தில் மட்டும் ஏற்றுவோம். தண்ணீர் பாட்டிலை மேலே கொண்டு போனவர் கீழே கொண்டு வரட்டும். முடிந்தால் ஒவ்வொரு சபையும் வழியில் ஒரு பானை மோர் வைக்கலாம். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட மோரை சி.எஸ்.ஐ. தம்பி ஒருவர் லத்தீன் தாத்தாவுக்கு ஊற்றிக் கொடுப்பதைப் பார்க்க எனக்கு ஆசை.

சாப்பாட்டு விஷயத்தில் என் கருத்து சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இறைச்சியை விட்டுவிட்டு நெய்மீன் வறுவலும் இறாலும் சாப்பிடுவது லத்தீன் சட்டப்படி தவறில்லை. என் மனதுக்கு அது நோன்பாகத் தோன்றவில்லை. சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, சுட்ட அப்பளம், தேங்காய்த் துவையல். இதற்கு ஆகும் செலவையும் வழக்கமான ஒருநாள் சமையல் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த வித்தியாசத்தை அன்றன்றே எடுத்துவைத்தால்தான் பிடியரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு காசு டப்பாவும் நிறையும். என் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளிடம் நான் சாக்லேட்டை விடச் சொல்வதில்லை. விட்டால் அந்தக் காசு எங்கே போகிறது என்று எழுதிக் கொண்டுவரச் சொல்கிறேன். அவர்கள் எழுதிக் கொண்டுவருவதைப் படித்தால், பக்கத்து வீட்டில் யாருக்கு என்ன தேவை என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இனி செய்ய வேண்டியது ஒரு கூட்டம். மூன்று நோம்பு தொடங்குவதற்கு முந்தின நாள், ஜனவரி 17 ஞாயிறு, சாயங்காலம் நான்கு மணிக்கு வைத்தால் எல்லா ஆலயத்து ஆராதனையும் முடிந்திருக்கும். எந்தப் பாரிஷ் ஹாலும் எந்தச் சபை மண்டபமும் சரிதான்; முதலில் சம்மதிக்கிற இடத்தில் கூடுவோம். ஒவ்வொரு சபையிலிருந்தும் அச்சனோ போதகரோ ஒருவர், பெண்கள் இருவர், வெட்டுக்காரர் ஒருவர் கட்டாயம் வரட்டும். வெட்டுக்காரர் இல்லாமல் அவர்களைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம். பொறுப்பாளர் பட்டியலும் வாழ்த்துரையும் பொன்னாடையும் வேண்டாம். மூன்று விஷயம் முடிவானால் போதும்: அரிசி எங்கே சேரும், யார் கொண்டுபோவார்கள், எந்த வீடுகளுக்கு. வீடுகளின் பெயர்களை நோட்டில் எழுத வேண்டாம். போகிறவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கஞ்சியும் பயறும் காய்ச்ச எங்கள் அன்பியத்துப் பெண்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் சபையிலிருந்து எத்தனை பேர் வருவீர்கள் என்பதை ஜனவரி முதல் ஞாயிற்றுக்குள் உங்கள் ஆலய அறிவிப்பில் சொல்லிவிடுங்கள். எங்கள் காதுக்கு அது வந்து சேரும்.

கிறிஸ்துவில் உங்கள் சகோதரி,
மலையோரத்து மறைக்கல்வி ஆசிரியை ஒருத்தி